துடிப்பு ஒழுங்கில்லாத இருதயம், முன்னால் ஒரு சத்திரசிகிச்சை: முழு மயக்கமா, முதுகு ஊசியா, இடத்தை மட்டும் விறைப்பதா?

கேட்பவர்கள் ஒருவர் மல்லாவி, ஒருவர் புதுக்குடியிருப்பு, ஒருவர் நெடுங்கேணி. கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். "அப்பாவுக்கு இருதயத் துடிப்பு ஒழுங்கில்லையாம், இப்ப ஒப்பரேசனும் செய்யவேணுமாம். முழுசா மயக்கினா இருதயம் நிண்டுபோகும் எண்டு சனம் சொல்லுது. முதுகில ஊசி போட்டுச் செய்யச் சொல்லிக் கேக்கலாமோ?"

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் "முழு மயக்கம் ஆபத்து, முதுகு ஊசி பாதுகாப்பு" என்று முடிவெடுத்துக்கொண்டு போய்க் கேட்காதீர்கள். அந்தக் கணக்கு பல பேருக்குப் பொருந்தாது, சிலருக்கு நேர்எதிராகவே இருக்கும். வன்னியில் வாட்டிலும் தியேட்டரிலும் தாதியாக நின்று பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முடிவு எடுப்பவர் மயக்க மருந்து டொக்டர்தான். ஆனால் அவர் சரியான முடிவு எடுக்கத் தேவையான பாதித் தகவல் உங்கள் வீட்டில், அந்தக் கிளினிக் கொப்பிக்குள்ளும் குளிசைப் பைக்குள்ளும் இருக்கிறது.

பயத்துக்கு ஒரு அளவு தெரிந்திருக்கட்டும். பிரித்தானியாவில் ஒரு வருடம் முழுக்க எல்லா வைத்தியசாலைகளிலும் கணக்கெடுத்து 2023இல் வெளியிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு இருதயம் நின்றிருந்தது. முதல் காரணம் பெரும் இரத்தப்போக்கு, அதற்கு அடுத்தது துடிப்பு மிகவும் மந்தமாகிப்போவது. அங்கத்தைய கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாதுதான், ஆனாலும் சனம் கதைக்கிற அளவுக்கு இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. சிறிய துடிப்பு மாற்றங்கள் அடிக்கடி வரும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நிமிடக் கணக்கில் சரியாகிவிடும், நோயாளிக்குத் தெரியவும் வராது.

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதலில், துடிப்பில் உள்ள பிரச்சினை எது? "ஒழுங்கில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு வருத்தங்கள் இருக்கின்றன. இடையில் ஒரு துடிப்பு முந்தி அடித்துவிட்டு ஓய்வது நிறையப் பேருக்கு உண்டு, இருதயம் மற்றப்படி நன்றாக இருந்தால் அதை வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், கொப்பியில் ஏ.எஃப். என்று எழுதியிருக்கும், வயதானவர்களிடமும், சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு பழுதானவர்களிடமும் அதிகம். மேலறையிலிருந்து கீழறைக்குச் சமிக்ஞை தடைப்படுவது இன்னொன்று, அது முற்றினால் துடிப்பைத் தூண்டிவிடும் சின்ன மின்கருவி, அதாவது பேஸ்மேக்கர், வைப்பார்கள். குடும்பத்தில் இளவயதிலேயே திடீரென்று விழுந்து இறந்தவர்கள் இருந்தால் அதுவும் தனியாகப் பார்க்கவேண்டிய விஷயம், கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். ஆகவே டொக்டரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எந்த மயக்கம்?" என்பது இல்லை. "அப்பாவுக்கு உள்ளது இதில் எது?" என்பதுதான்.

இரண்டாவது, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசை. ஏ.எஃப். உள்ள பலர் வார்பரின் போடுகிறார்கள், சிலர் றிவரொக்ஸபான், சிலர் குளோபிடோகிரல். மூன்று வழிகளில் எது என்பதை அதிகமான பேருக்குத் தீர்மானிப்பது இந்தக் குளிசைதான், இருதயம்கூட இல்லை.

அப்புறம் இரத்தத்தில் உள்ள பொட்டாசியம் என்ற உப்பு. பரிசோதனைத் துண்டில் அது 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்கவேண்டும். நீர் போகக் கொடுக்கிற குளிசை, வயிற்றோட்டம் இரண்டும் அதைக் குறைக்கும்; சிறுநீரக வருத்தம் கூட்டும். எந்தப் பக்கம் போனாலும் துடிப்பு தடுமாறும். துடிப்பின் வேகத்தைக் குறைக்க டிகொக்ஸின் குளிசை போடுபவர்களுக்குப் பொட்டாசியம் குறைவது இன்னும் மோசம். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் இருக்கிறது என்பதால், நம்முடைய கமக்காரர்களுக்கு இந்த இரத்தப் பரிசோதனை வெறும் சம்பிரதாயம் இல்லை.

மீதி உங்களுக்கே விளங்கும்: வால்வு எப்படி இருக்கிறது, உடம்பில் எந்த இடத்தில் எவ்வளவு நேரச் சத்திரசிகிச்சை, அவசரமா தள்ளிப்போடலாமா, அந்த வைத்தியசாலையில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இருக்கிறதா. கடைசியாக, வீட்டில் யார் கூட நிற்பது, எத்தனை நாள் வேலை போகும் என்பதும் சேரும். அதையெல்லாம் யாரும் ஒப்பீட்டில் எழுதுவதில்லை, ஆனால் ஒட்டுசுட்டானிலிருந்து வருகிறவருக்கு அதுதான் முதல் கணக்கு.

## முழு மயக்கம்

இதில் துடிப்பு தடுமாறக்கூடிய நேரங்கள் தெரிந்தவைதான், டொக்டர்கள் அவற்றை எதிர்பார்த்தே நிற்பார்கள். தொண்டைக்குள் குழாய் வைக்கும்போது துடிப்பும் பிறஷரும் எகிறும். மயக்க மருந்துகளில் சில துடிப்பை மந்தமாக்கும். வயிற்றின் உட்சவ்வு இழுபட்டால், அல்லது கண் தசை இழுபட்டால், துடிப்பு திடீரென்று இறங்கும். எழும்பும் நேரத்தில் திரும்பவும் வேகம் பிடிக்கும்.

கமெரா விட்டுப் பித்தப்பை எடுக்கும் சத்திரசிகிச்சை ஒன்றைச் சொல்கிறேன். வயிற்றைக் காபனீரொட்சைட்டால் ஊதத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகாது, இயந்திரத்தின் சத்தம் மாறும். அதுவரை சீராக வந்த பீப் ஒலிக்கு இடையில் இடைவெளி நீளும், திரையில் 76 என்று நின்ற எண் 50, 41, 36 என்று இறங்கும். மயக்க மருந்து டொக்டர் குரலை உயர்த்தாமல் "காற்றை விடுங்கோ" என்பார், சத்திரசிகிச்சை நிபுணர் உடனே வால்வைத் திறப்பார், தேவையென்றால் துடிப்பைக் கூட்டும் அற்றோபின் மருந்து ஏறும். எண் திரும்ப மேலே வரும். பிறகு மெதுவாக ஊதுவார்கள். வெளியே வாங்கில் இருக்கிற குடும்பத்துக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இது மோசமான சம்பவம் இல்லை, கண்காணிப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். "இருதயம் பலவீனம், கொஞ்சமா மயக்குங்கோ" என்று உறவினர்கள் கெஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். அன்பால் கேட்கிறார்கள், ஆனால் மயக்கம் போதாமல் இருப்பதும் துடிப்புக்குக் கூடாது. 1848இல் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பிள்ளை, கால் நகம் எடுக்கக் குளோரோஃபோம் முகர்ந்து சில நிமிடங்களில் இறந்துபோனாள். குளோரோஃபோமால் நடந்ததாகப் பதிவான முதல் மரணம் அது, காரணம் என்ன என்று நெடுங்காலம் வாதாடினார்கள். 1911இல் கூட்மன் லெவி என்ற வைத்தியர் பூனைகளில் செய்து காட்டியது என்னவென்றால், ஆழ்ந்த மயக்கத்தில் மட்டும் இல்லை, குளோரோஃபோம் அரைகுறையாக இருக்கும்போது அட்ரினலின் ஏறினாலும் இருதயக் கீழறைகள் நடுங்கி நின்றுவிடலாம். குளோரோஃபோம் போய்விட்டது, அட்ரினலினோடு சேர்ந்து துடிப்பைக் குழப்பிய ஹலோத்தேன் வாயுவின் இடத்துக்குச் செவோஃப்ளுரேன், ஐசோஃப்ளுரேன் வந்துவிட்டன. ஆனால் வலி உடம்புக்குத் தெரிந்தால் அட்ரினலின் பாயும், துடிப்பு குழம்பும் என்ற அடிப்படை மாறவில்லை. போதுமான மயக்கமும் போதுமான வலி மருந்தும்தான் இருதயத்துக்கு ஆறுதல்.

முழு மயக்கத்தின் பெரிய நன்மை, மூச்சும் ஒட்சிசனும் டொக்டர் கையில் இருப்பது. ஒட்சிசன் குறைவதும் காபனீரொட்சைட்டு கூடுவதும் துடிப்பைக் கெடுக்கிற பெரிய காரணங்கள், அவை இரண்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தலாம். இடையில் துடிப்பு மோசமாகக் குழம்பினால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யவும் வசதி. வார்பரின் உடம்பில் இருந்தாலும் மயக்குவதற்கு அது தடை இல்லை (வெட்டுவதற்குத் தடையாக இருக்கலாம், அது வேறு).

மறைமுகச் செலவு என்றால், விழித்தெழுவது மெதுவாகலாம், வயதானவர்கள் ஒரு நாள் இரண்டு நாள் குழம்பிப் பேசலாம், வாந்தி வரலாம். வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டன்செட்ரோன் சிலருடைய ஈ.சி.ஜி.யில் ஒரு இடைவெளியை நீட்டும், அது அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பு ஆபத்தாகக் குழம்பலாம். குடும்பத்தில் திடீர் மரணம் இருந்தால் சொல்லுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாருக்கு இது நல்லது? நீண்ட நேரச் சத்திரசிகிச்சை, மேல்வயிறு, நெஞ்சு, தலை. வார்பரினை நிறுத்தக் காலம் இல்லாத அவசரம். வால்வு மோசமாக இறுகியவர். மல்லாந்து அசையாமல் படுக்க முடியாதவர்.

## முதுகில் ஊசி

இடுப்புக்குக் கீழே விறைத்துவிடும், ஆள் விழித்திருப்பார், இரண்டு மணித்தியாலம் வரை தாங்கும். தொண்டையில் குழாய் இல்லை, ஆகவே அந்த எகிறல் இல்லை. அதனால்தான் சனம் இதை இருதயத்துக்கு நல்லது என்று நினைக்கிறது.

பாதி சரி. மற்றப் பாதி என்னவென்றால், ஊசி போட்டதும் கால்களின் இரத்தக் குழாய்கள் தளர்ந்து பிறஷர் இறங்கும். விறைப்பு நெஞ்சின் மேற்பகுதி வரை ஏறினால் இருதயத்தை வேகப்படுத்துகிற நரம்புகளும் விறைத்துவிடும், துடிப்பு மந்தமாகும், மிக அரிதாக நின்றும் விடும். இயல்பிலேயே துடிப்பு 60க்குக் கீழே உள்ளவர்கள், அட்டெனலோல், பிசோப்ரொலோல் போன்ற துடிப்பைக் குறைக்கும் குளிசை போடுபவர்கள், ஏன், திடகாத்திரமான இளம் ஆட்கள்கூட இதில் கவனிக்கப்பட வேண்டியவர்கள். அற்றோபினும், பிறஷரைத் தூக்கும் எஃபெட்ரினும் ஊசியில் ஏற்றிப் பக்கத்திலேயே வைத்திருப்பது இதற்குத்தான். ஊசி போட்டபின் "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கு, ஓங்காளிக்குது, கை விறைக்குது" என்று தோன்றினால் உடனே சொல்லவேண்டும் என்று அப்பாவுக்கு முதலே சொல்லி அனுப்புங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் கிடக்கக்கூடாது.

இப்போது வார்பரின். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் ஊசி போய் அங்கே இரத்தம் கசிந்து கட்டினால் கால் செயலிழந்துவிடலாம். அதனால், இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை எண் 1.5க்குக் கீழே வராமல் முதுகு ஊசி போடமாட்டார்கள், அதற்கு வழக்கமாக ஐந்து நாட்களுக்கு முன் வார்பரினை நிறுத்தவேண்டும். றிவரொக்ஸபான் என்றால் ஏறத்தாழ மூன்று நாள், சிறுநீரகம் பழுது என்றால் இன்னும் கூட. குளோபிடோகிரல் என்றால் ஐந்து முதல் ஏழு நாள். அஸ்பிரின் மட்டும் போடுபவருக்கு இந்தத் தடை இல்லை. வார்பரினை நிறுத்திய அந்த ஐந்து நாட்களுக்கு, இரத்தம் உறையாமல் வைக்கும் ஹெபரின் ஊசி போடவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 2015இல் வெளிவந்த 1,884 பேரின் ஆய்வில், ஏ.எஃப். உள்ளவர்களுக்கு அந்த இடைக்கால ஊசி பக்கவாதத்தைக் குறைக்கவில்லை, பெரிய இரத்தக்கசிவை மட்டும் 1.3 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதமாகக் கூட்டியது. ஆனால் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாங்களாக எதையும் நிறுத்தவோ விடவோ கூடாது, அவர்களுக்குக் கணக்கு வேறு.

வால்வு விஷயமும் அப்படித்தான். இருதயத்திலிருந்து வெளியே போகும் வால்வு மோசமாக இறுகியிருந்தால், பிறஷர் திடீரென்று இறங்குவதை அந்த இருதயம் சமாளிக்காது. மார்பில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்று ஒரு டொக்டர் எப்போதாவது எழுதியிருந்தால், முதுகு ஊசிக்கு முன் எக்கோ, அதாவது இருதயத்தின் ஸ்கான், எடுக்கச் சொல்வார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கு எது நல்லது என்று 2021இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரைப் பார்த்ததில், 60 நாளுக்குள் இறந்தவர்களும் நடக்க முடியாமல் போனவர்களும் சேர்த்து முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18 சதவீதம். சீனாவில் 950 பேரைப் பார்த்ததில் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மனக் குழப்பநிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, டொக்டர் உங்கள் அம்மம்மாவுக்கு முழு மயக்கம்தான் என்று சொன்னால், அவருக்கு மோசமானதைத் தெரிவுசெய்துவிட்டார் என்று நினைக்கத் தேவையில்லை.

மறைமுகச் செலவு: வார்பரின் நிறுத்தும் ஐந்து நாளும் அதற்கான ஐ.என்.ஆர். பயணங்களும். சில பேருக்குப் பின்னால் வரும் தலையிடி. சில வேளை ஊசி சரியாக வேலை செய்யாமல் முழு மயக்கத்துக்கே போகவேண்டி வரலாம், அதனால் "முதுகு ஊசிதானே" என்று காலையில் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது.

யாருக்கு இது நல்லது? தொடை, முழங்கால், புரொஸ்டேட், கீழ்வயிற்றுக் குடலிறக்கம். நெஞ்சுச் சளியும் இழுப்பும் உள்ளவர். வார்பரின் போடாதவர், அல்லது நிறுத்தக் காலம் உள்ளவர்.

## இடத்தை மட்டும் விறைப்பது

கை, பாதம், கண், சிறிய குடலிறக்கம். இவற்றுக்கு ஆள்கள் இதை முதலில் நினைப்பதே இல்லை, எனக்கு அது கவலை. கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ் போகிற ஒருவருக்குக் கையில் இரத்தக் குழாய் இணைக்கும் சத்திரசிகிச்சை என்றால், கை நரம்பை மட்டும் விறைத்துச் செய்யலாம். பொட்டாசியம் ஏறி இறங்குகிற அந்த இருதயத்தைத் தொடவே தேவையில்லை. கண்ணில் வெள்ளை படர்ந்ததற்குச் சொட்டு மருந்திலோ கண் பக்கத்து ஊசியிலோ செய்துவிடலாம், பெரும்பாலும் வார்பரினைக்கூட நிறுத்தச் சொல்வதில்லை.

ஆபத்து ஒன்று உண்டு. விறைக்கும் மருந்து, குறிப்பாக பியூபிவக்கெயின், தவறி இரத்தக் குழாய்க்குள் போனாலோ அளவு கூடினாலோ, இருதயக் கீழறைத் துடிப்பைக் குழப்பும், அதை மீட்பது கஷ்டம். 50 கிலோ உள்ள ஒருவருக்கு அதன் உச்ச அளவு 100 மில்லிகிராம் அளவில், அதாவது 0.5 சதவீதக் கரைசலில் 20 மில்லிலீற்றர்தான். மெலிந்த முதியவருக்கு இடம் மிகக் குறைவு. உதட்டைச் சுற்றி விறுவிறுப்பு, வாயில் உலோகச் சுவை, காதுக்குள் இரைச்சல், இவைதான் முதல் அறிகுறிகள். விழித்திருக்கிற ஆள் அதைச் சொன்னால் நிறுத்திவிடலாம். மீட்புக்கு 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் இருக்கிறது, அது தியேட்டரில் வைத்திருக்கிற பொருள். சின்ன வேலை என்று நினைத்து எல்லா வசதியும் இல்லாத இடத்தில் பெரிய அளவு மருந்து போட்டுச் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

மறைமுகச் செலவு: நேரம். விறைக்கும்வரை காத்திருக்கவேண்டும், சில இடம் விறைக்காமலும் விடும், படபடப்புக்காரருக்கு விழித்துக்கொண்டு கிடப்பதே துடிப்பைக் கூட்டும்.

## தள்ளிப்போடுவது, அல்லது வேறு வைத்தியசாலைக்குப் போவது

இதுவும் ஒரு தெரிவுதான். துடிப்பு புதிதாகக் குழம்பியிருக்கிறது, காரணம் தெரியவில்லை, சத்திரசிகிச்சை அவசரமில்லை என்றால் தள்ளிப்போடுவதே சரி. தைரொயிட் கூடியிருக்கலாம், பொட்டாசியம் குறைந்திருக்கலாம், இரண்டுமே திருத்தக்கூடியவை. ஏ.எஃப். உள்ளவருக்கு ஓய்வில் துடிப்பு 110க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்குப் போகலாம், முற்றாக ஒழுங்காகவேண்டும் என்று இல்லை.

ஆனால் இடுப்பெலும்பு முறிவில் தள்ளிப்போடுவது நஞ்சு. அன்றைக்கோ அடுத்த நாளோ செய்யவேண்டும் என்பதுதான் இப்போதைய நியமம். எக்கோவுக்கு என்று ஒரு கிழமை படுத்துக் கிடந்தால் சளிக்காய்ச்சல், படுக்கைப் புண், காலில் இரத்தக்கட்டி எல்லாம் வந்து, துடிப்பை விடப் பெரிய ஆபத்தாகிவிடும். வார்பரினை விற்றமின் கே கொடுத்து விரைவாக இறக்கலாம்.

முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல், கிளிநொச்சியிலிருந்து அறுபது சொச்சம். அனுப்புகிறோம் என்றால் பேஸ்மேக்கர் சோதிக்கவா, எக்கோவுக்கா, சத்திரசிகிச்சைக்குப் பின் கண்காணிக்கக் கட்டிலுக்கா என்று கேளுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின்சாரத்தால் இரத்தம் நிறுத்தும் கருவி அதைக் குழப்பக்கூடும், அந்தக் காரணத்துக்காக அனுப்புவது நியாயமான விஷயம். வைத்தியம் இலவசம்தான், ஆனால் கூட நிற்பவரின் சாப்பாடு, தங்குமிடம், வயல் வேலை நின்ற நாள் எல்லாம் வீட்டுக் கணக்கில் விழும். எக்கோவும் இரத்தப் பரிசோதனையும் ஒரே பயணத்தில் முடியுமா என்று கேட்டால், பல வேளை முடித்துத் தருவார்கள்.

## ஒரே பார்வையில்

| பார்ப்பது | முழு மயக்கம் | முதுகு ஊசி | இடத்தை மட்டும் |
|---|---|---|---|
| துடிப்புக்கு வரக்கூடியது | குழாய் வைக்கையில் வேகம், வயிறு இழுபடுகையில் மந்தம் | பிறஷர் இறக்கம், மந்தம் | மருந்து இரத்தத்தில் கலந்தால் கடும் குழப்பம், அரிது |
| வார்பரின் | மயக்குவதற்குத் தடை இல்லை | ஐ.என்.ஆர். 1.5க்குக் கீழே வரவேண்டும் | இடத்தைப் பொறுத்தது, கண்ணுக்குப் பெரும்பாலும் தொடரலாம் |
| மோசமாக இறுகிய வால்வு | கவனமாகச் செய்யலாம் | பொதுவாகத் தவிர்ப்பார்கள் | முடிந்தால் இதுவே |
| நீண்ட நேர வேலை | பொருந்தும் | இரண்டு மணித்தியாலம் வரை | சிறிய வேலைகளுக்கு |

## காயப்பட்டவர்களுக்குத் தனியாக

இதை எழுதாமல் வன்னிக்கு என்று ஒரு ஒப்பீடு எழுத முடியாது. முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காமல் இருக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். படுக்கைப் புண்ணுக்கும் சிறுநீர்ப்பைக் கல்லுக்கும் திரும்பத் திரும்பத் தியேட்டருக்கு வருகிறார்கள்.

"அவருக்குத்தான் அங்க உணர்ச்சி இல்லையே, மயக்கம் எதுக்கு?" என்று குடும்பத்தினரே கேட்பதுண்டு. காயம் நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே என்றால் இது பெரிய தவறு. மூளைக்கு வலி தெரியாது, ஆனால் முள்ளந்தண்டுக்குத் தெரியும். வெட்டும்போது, சிறுநீர்ப்பை நிரம்பும்போதுகூட, பிறஷர் பயங்கரமாக ஏறி, துடிப்பு மந்தமாகி, முகம் வியர்த்து, தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். மூளையில் இரத்தக்கசிவு வரை போகலாம். அவர்களுக்கு முதுகு ஊசி இதைத் தடுக்கும் நல்ல வழி. அதே நேரம், செல் துண்டு முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் கிடந்தாலோ, அங்கே முன்பு சத்திரசிகிச்சை நடந்திருந்தாலோ, ஊசி போடுவது கடினம், பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டு போங்கள்.

முழு மயக்கம் என்றால் இன்னொன்று. தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்ஸாமீத்தோனியம் என்ற மருந்து சாதாரணமான ஆளுக்குப் பொட்டாசியத்தை 0.5 அளவுதான் கூட்டும். கை கால் இயங்காமல் போனவருக்கு அது பல மடங்கு கூடி இருதயத்தையே நிறுத்திவிடலாம். வேறு மருந்து இருக்கிறது, டொக்டருக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். சக்கர நாற்காலியில் போகிறவரைப் பார்த்தால் தெரியும். அவசரத்தில் துணி போர்த்திப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வருகையில் கூட வந்தவர்தான் வாய் திறக்கவேண்டும்.

அதே மருந்து, வயலுக்கு மருந்தடிக்கிற ஆள் அண்மையில் கிருமிநாசினி உடம்பில் ஏறி வைத்தியசாலையில் இருந்திருந்தால், வழக்கத்தைவிட நீண்ட நேரம் மூச்சுத் தசைகளைப் பிடித்து வைத்திருக்கும். சில கிழமைகளுக்கு முன் நடந்திருந்தாலும் சொல்லுங்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று யாரும் அங்கே குறுக்கு விசாரணை செய்யப்போவதில்லை.

## எந்த வழியானாலும் குளிசைகள்

கிளினிக்கில் தருகிற குளிசைகள் சின்ன உறைகளில் வரும், பல வீடுகளில் எல்லாம் ஒரே சொப்பிங் பையில் கலந்து கிடக்கும், உறையில் எழுதிய பெயரும் அழிந்திருக்கும். அந்தப் பையை அப்படியே கொண்டு போங்கள். தனியார் டொக்டர் தந்தது, நாட்டு வைத்தியர் தந்தது, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பியது எல்லாம் சேர்த்து.

அட்டெனலோல், பிசோப்ரொலோல் போன்றவை ஏற்கெனவே போடுகிறவர் என்றால் அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீருடன் போடவேண்டும், திடீரென்று நிறுத்தினால் துடிப்பு துள்ளும். பலர் "ஒன்றும் சாப்பிடக்கூடாது" என்பதைக் குளிசைக்கும் பொருத்தி விட்டுவிடுகிறார்கள். அதே குளிசையைப் பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று புதிதாகத் தொடங்குவதும் கூடாது. 2008இல் 8,351 பேரில் செய்த ஆய்வில், சத்திரசிகிச்சைக்குச் சில மணித்தியாலம் முன் அதே வகைக் குளிசையான மெட்டோப்ரொலோல் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது, ஆனால் பக்கவாதமும் மரணமும் கூடின. எனலப்ரில், லொசாட்டன் போன்ற பிறஷர் குளிசைகளை முதல் நாளே நிறுத்தச் சொல்லும் டொக்டர்களும் உண்டு, அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பாடு ஆறு மணித்தியாலம், தண்ணீர் இரண்டு மணித்தியாலம் முன் நிறுத்துவது பொதுவான வழக்கம், உங்கள் வாட்டில் சொல்வதையே பின்பற்றுங்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து ஆள் சிரித்துக் கதைத்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று கூட நின்றவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். ஏ.எஃப். புதிதாகத் தலைதூக்குவது அநேகமாகத் தியேட்டருக்குள் இல்லை, அதற்குப் பிந்திய முதல் சில நாட்களில்தான். வலி, காய்ச்சல், தண்ணீர்ச்சத்துக் குறைவு, பொட்டாசியம் இறக்கம் எல்லாம் அப்போதுதான் சேரும். படபடப்பு, மூச்சு வாங்குதல், தலை சுற்றி வியர்த்தல் வந்தால் வாட்டில் தாதியைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை விழுதல் வந்தாலும் அப்படியே. வார்பரின் நிறுத்தியிருந்த ஆள் என்றால் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, வார்பரினை எந்தத் திகதியில், எத்தனை மில்லிகிராமில் திரும்பத் தொடங்குவது, அடுத்த ஐ.என்.ஆர். எங்கே எடுப்பது என்று கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.